ஐந்து ஏரிகளும் ஓர் அப்பியாசக் கொப்பியும்

நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை கேட்ட மலர்க்குழுவினர், நான் வைத்தியர் என்பதால் நீரிழிவைப் பற்றியோ உயர் குருதியமுக்கத்தைப் பற்றியோ எழுதித் தருவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். அவற்றை என்னைவிட நன்றாக எழுதக்கூடிய சகோதரிகள் எமது சங்கத்தில் பலர் உண்டு. நான் எழுத நினைத்தது ஒரு சிறு வரலாறு. நீர்நிலைகளைக் காக்க முன்வந்த பிள்ளைகளைப் பெரியவர்கள் எவ்வாறு கௌரவித்தார்கள் என்பதைப் பற்றியது. அது நடந்த இடம் வட அமெரிக்காவின் பேரேரிகள்.

அந்த ஏரிகளுக்கும் எமக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வாழும் எமது பழைய மாணவிகள் இன்று காலை தேநீருக்குக் கொதிக்க வைத்தது ஒன்ராறியோ ஏரியின் தண்ணீரைத்தான். அவர்களில் ஒருவர், நான் இங்கு 'அக்கா' என்று மட்டும் குறிப்பிடப்போகும் ஒருவர், 2019 சித்திரையில் எனக்கு ஒரு செய்தித் துணுக்கை அனுப்பியிருந்தார். பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தியின் படம். அதன் கீழே அக்கா எழுதியிருந்தது ஒரே வரி: "பார், கொப்பி கை மாறியிருக்கிறது." அந்த வரியின் பொருள் எங்கள் இருவருக்கும்தான் தெரியும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

சுப்பீரியர், மிச்சிகன், ஹூரன், ஈரி, ஒன்ராறியோ என்று ஐந்து ஏரிகளின் பெயரையும் புவியியல் பாடத்தில் மனனம் செய்திருப்போம். உலகின் மேற்பரப்பு நன்னீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவற்றில் இருக்கிறது. இவை தனித்தனிக் குளங்களல்ல. சுப்பீரியரினதும் மிச்சிகனினதும் நீர் ஹூரனுக்கு வருகிறது. அங்கிருந்து ஈரிக்கும், ஈரியிலிருந்து நயாகராவில் விழுந்து ஒன்ராறியோவுக்கும், பின்னர் சென். லோரன்ஸ் ஆற்றினூடாகக் கடலுக்கும் போகிறது. மேலே ஒருவர் கொட்டுவது கீழே இருப்பவரின் குவளைக்கு வரும் என்பது இதன் பொருள். வட இலங்கையில் பக்கத்து வளவின் மலசலகூடக் குழியும் எமது கிணறும் ஒரே சுண்ணாம்புக்கல்லில் இருப்பதைப் போன்றதுதான்.

ஹூரன் ஏரியில் மனிற்றூலின் என்றொரு தீவு உண்டு. ஏரிகளுக்குள் அமைந்த தீவுகளில் உலகிலேயே பெரியது அது. அங்குள்ள விக்வெம்கூங் என்ற பூர்வகுடிக் கிராமத்தில் 1942 இல் பிறந்தவர் ஜோசபின் மண்டமின். அனிஷினாபே இனத்தவர். அவர்களது மரபில் தண்ணீரைப் பேணுவது பெண்களின் கடமை. நீருக்கான சடங்கைச் செய்பவர்களும் பெண்களே. மண்டமின் இந்தக் கடமையைச் சடங்கோடு நிறுத்தவில்லை. 2003 இல், தமது அறுபதுகளின் தொடக்கத்தில், வேறு சில பெண்களுடன் சேர்ந்து செம்பு வாளியொன்றில் ஏரி நீரை எடுத்துக்கொண்டு சுப்பீரியர் ஏரியைச் சுற்றி நடந்தார். அடுத்து வந்த ஆண்டுகளில் மற்ற நான்கு ஏரிகளையும் சுற்றினார். விடியுமுன் புறப்படுவார்கள். வாளி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும், ஆனால் நீர் நிற்கக்கூடாது. பொழுது சாயும்வரை நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். 2011 இல் நான்கு திசைகளிலிருந்தும் கடல்நீரை நடந்தே எடுத்துவந்து சுப்பீரியரில் சேர்த்தார்கள்.

மூட்டு நோவென்று வரும் அறுபது வயது அம்மாக்களைத் தினமும் பார்ப்பவள் நான். அந்த நடையை நினைத்தால் முதலில் என் கண்ணுக்குத் தெரிவது அவரது முழங்கால்கள்தான்! அவரிடம் பெரிய கோரிக்கைப் பட்டியல் எதுவும் இருக்கவில்லை. வீதியில் போகிறவர்கள் வாகனத்தை நிறுத்தி என்னவென்று கேட்டால், தண்ணீர் நோயுற்றிருக்கிறது என்று சொன்னார்.

மண்டமினுக்குப் பேத்தி முறையானவள் ஓற்றம் பெல்ரியர். ஆங்கிலத்தில் இலையுதிர் காலத்தைக் குறிக்கும் பெயர் அது. பிறந்தது 2004 புரட்டாதியில், அதே விக்வெம்கூங்கில். பாட்டி முதல் ஏரியைச் சுற்றி முடித்து ஓராண்டு கழிந்திருந்தது. ஓற்றத்துக்கு எட்டு வயதிருக்கும்போது, தாயுடன் சேர்ப்பன்ற் ரிவர் என்ற இன்னொரு பூர்வகுடிக் கிராமத்துக்கு நீர்ச் சடங்கொன்றுக்காகப் போயிருந்தாள். அங்கு கழிவறையில் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்ற அறிவித்தல் ஒட்டியிருந்தது. அது ஏன் என்று தாயிடம் கேட்டாள். அங்குள்ள பிள்ளைகளுக்கு குழாயைத் திறந்து ஒரு வாய் குடிப்பது எப்படியிருக்கும் என்று தெரியாது என்பதை அன்றுதான் அறிந்தாள்.

கனடாவைப் பற்றி எங்கள் மனதிலிருக்கும் படத்தோடு இது பொருந்தாது. ஆனால் நடந்தது இதுதான். 2015 இன் இறுதியில் கனடாவின் பூர்வகுடிக் கிராமங்களின் பொது நீர் விநியோகத்தில் நீண்டகால எச்சரிக்கை அறிவித்தல்கள் 105 இருந்தன. ஒன்ராறியோவின் வடக்கிலுள்ள நெஸ்கன்ராகா என்ற கிராமத்தில் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும் என்ற அறிவித்தல் 1995 மாசியில் விடுக்கப்பட்டது. அந்த ஆண்டில் பிறந்த குழந்தைகள் வளர்ந்து பெற்றோராகும் வயதுக்கு வந்தும் அது நீக்கப்படவில்லை.

2016 மார்கழியில் கியூபெக்கின் கற்றினோ நகரில் பூர்வகுடித் தலைவர்களின் மாநாடு கூடியது. பிரதமர் ஜஸ்ரின் ட்ரூடோவுக்கு மரபுப்படி பரிசு கொடுக்கும் பணி பன்னிரண்டு வயது ஓற்றத்துக்குத் தரப்பட்டது. எமது பாடசாலைகளில் பிரதம விருந்தினருக்கு மாலை போட ஒரு சின்னப் பிள்ளையை நிறுத்துவோமே, அதே பணிதான். பேசும்படி யாரும் அவளிடம் சொல்லவில்லை. ஒரு வாரத்துக்கு முன்னர்தான் பிரதமரின் அரசு இரண்டு பெரிய எண்ணெய்க் குழாய்த் திட்டங்களுக்கு அனுமதி கொடுத்திருந்தது. பரிசைக் கொடுக்கும்போது அவள், நீங்கள் எடுத்த முடிவுகள் எனக்குப் பெரும் வருத்தம் தருகின்றன என்று சொல்லிவிட்டு அழுதுவிட்டாள். அது தமக்குப் புரிகிறது என்றார் பிரதமர். தண்ணீரைப் பாதுகாப்பேன் என்று அவளுக்கு வாக்கும் கொடுத்தார்.

அதன்பின் அழைப்புகள் வந்தன. 2018 பங்குனி 22, உலக நீர் தினத்தில், பதின்மூன்று வயதில், நியூயோர்க்கில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை மண்டபத்தில் பேசினாள். சர்வதேசச் சிறுவர் சமாதானப் பரிசுக்கு அவளது பெயர் மீண்டும் மீண்டும் முன்மொழியப்பட்டது. ஒவ்வொரு தடவையும் பரிசு வேறொருவருக்குப் போனது. ஆயினும் அவள் பெற்ற உண்மையான கௌரவத்தை எந்த வெளிநாட்டுக் குழுவும் கொடுக்கவில்லை.

2019 மாசியில் மண்டமின் காலமானார். ஒன்ராறியோவிலுள்ள நாற்பதளவான பூர்வகுடிச் சமூகங்களின் கூட்டமைப்பான அனிஷினாபெக் நேஷனில் பிரதம நீர் ஆணையாளர் என்ற பதவியை அவர் வகித்துவந்தார். அந்த இடம் வெற்றிடமானது. அனுபவமுள்ள முதியவர்களும் சட்டம் படித்தவர்களும் அந்தச் சமூகங்களில் இல்லாமலில்லை. இரண்டு மாதங்களில் அந்தப் பதவியைப் பதினான்கு வயது ஓற்றத்திடம் கொடுத்தார்கள். அக்கா எனக்கு அனுப்பிய படம் அந்தச் செய்தியோடு வந்ததுதான்.

பேரேரிகளின் கரையில் கௌரவிக்கப்பட்ட பிள்ளை இவள் மட்டுமல்ல. ஹூரன் ஏரிக்குத் தெற்கே, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பிளின்ற் என்றொரு நகரம் உண்டு. ஒரு லட்சத்துக்குக் கிட்டிய மக்கள் அங்கு வாழ்ந்தார்கள். அதுவரை டெற்றோயிற் நகரிலிருந்து ஹூரன் ஏரி நீரைப் பெற்றுவந்த அந்நகரை, செலவைக் குறைக்கும் நோக்கில் 2014 சித்திரையில் பிளின்ற் ஆற்று நீருக்கு மாற்றினார்கள். குழாய்கள் அரிக்கப்படாமல் தடுக்கும் இரசாயனம் சேர்க்கப்படவில்லை. பழைய ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் தண்ணீருக்குள் கரைந்தது. குழந்தையின் மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவென்று ஒன்று கிடையாது. மக்கள் நிறம் மாறிய தண்ணீரைப் போத்தல்களில் கொண்டுபோய்க் காட்டினார்கள். அதிகாரிகள் நல்ல தண்ணீர்தான் என்றார்கள். 2015 புரட்டாதியில் மோனா ஹன்னா-அட்டிஷா என்ற குழந்தை மருத்துவ நிபுணர் தமது வைத்தியசாலையின் இரத்தப் பரிசோதனை முடிவுகளைத் திரட்டி, ஈயம் கூடிய குழந்தைகளின் வீதம் நீர் மாற்றத்தின் பின் இரட்டித்திருக்கிறது என்று பகிரங்கமாகக் காட்டினார். முதலில் அவரையும் மறுத்தார்கள். அடுத்த மாதம் நகரம் பழைய நீருக்குத் திரும்பியது. ஆனால் குழாய்கள் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தன.

அந்நகரில் மாரி கோப்பனி என்ற எட்டு வயதுச் சிறுமி. (மாரி என்றால் எமக்கு மழை; அவளுக்கு அது ஒரு நீண்ட பெயரின் சுருக்கம்.) சிறுமியருக்கான அழகுப் போட்டியொன்றில் 'லிற்றில் மிஸ் பிளின்ற்' என்ற பட்டம் வாங்கியவள். அந்தத் தலை அலங்காரத்தையும் தோள் பட்டியையும் அணிந்துகொண்டு தண்ணீருக்கான போராட்டங்களுக்குப் போனாள். 2016 பங்குனியில் ஜனாதிபதி ஒபாமாவுக்குக் கடிதம் எழுதினாள். பதில் வந்தது. வைகாசி 4 ஆம் திகதி ஜனாதிபதியே நகருக்கு வந்து அவளைத் தூக்கி அணைத்தார். அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. அதற்குப் பிறகும் நகரவாசிகள் நீண்டகாலம் போத்தல் தண்ணீரில்தான் வாழ்ந்தார்கள். மாரி தண்ணீர்ப் போத்தல்களையும் பின்னர் வடிகட்டிகளையும் திரட்டி விநியோகிக்கத் தொடங்கினாள்.

மூன்றாவது பிள்ளை வேறு வகை. நோபல் பரிசு வழங்கப்படும் ஸ்ரொக்ஹோம் நகரில், 1997 முதல், 15 முதல் 20 வயதுவரையான மாணவர்களுக்கென நீர் ஆய்வுக்கான இளையோர் பரிசொன்று வழங்கப்படுகிறது. ஒவ்வொரு நாட்டிலும் தெரிவுசெய்யப்பட்டவர்கள் ஆவணி மாதத்து உலக நீர் வாரத்தில் அங்கு கூடுவார்கள். சுவீடனின் முடிக்குரிய இளவரசி விக்டோரியா அதன் புரவலர். 2022 இல் அதை வென்றவர் கனடாவின் அனபெல் ரேசன் என்ற மாணவி. அவரது ஆய்வு அல்காப் பெருக்கம் பற்றியது. வயல்களிலிருந்து கழுவப்பட்டு வரும் உரத்தால் ஈரி ஏரியில் கோடைகாலத்தில் பச்சைப் பாசிபோல நீலப்பச்சை அல்கா பரவும். அதில் ஈரலைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது. 2014 ஆவணியில் ஒகையோ மாநிலத்தின் ரொலீடோ நகரிலும் அதனைச் சூழவும் நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் குழாய் நீரைக் குடிக்கவேண்டாம் என்று எச்சரிக்கப்பட்டது இதனால்தான். இந்த அல்காவை உண்ணும் தப்னியா என்ற நுண்ணிய விலங்கை, நீர்த்தெள்ளை, உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்கள் நுணுக்குக்காட்டியில் பார்த்திருப்பீர்கள். எந்த வகைத் தப்னியா இந்த வேலையைச் சிறப்பாகச் செய்யும் என்று ஆராய்ந்தார் ரேசன்.

ஒரு சிறு இடைக்குறிப்பு. வைத்தியரான என்னால் இதைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. எந்தத் தண்ணீரையும் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். கிருமிகளுக்கு அது சரி. நெஸ்கன்ராகாவில் கொதிக்க வைக்கச் சொன்னதும் கிருமிகளுக்காகவே. ஆனால் பிளின்ற்றின் ஈயம் கொதித்தால் போகாது. ரொலீடோவின் நஞ்சு, நீர் ஆவியாக ஆவியாக இன்னும் செறியும். எமது கிணறுகளின் நைத்திரேற்றும் அவ்வாறே. தோட்டத்து யூரியாவும் மலசலகூடக் குழிகளும் சேர்ந்து, யாழ். குடாநாட்டின் பல கிணறுகளில், உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்ட வைத்திருக்கின்றன. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், குருதி ஒட்சிசனைக் காவும் திறனை இழந்து குழந்தை நீலம் பாரிக்கலாம். தாய்ப்பால் கொடுங்கள் என்று நாங்கள் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி வரலாற்றுக்கு வருகிறேன். ஒருத்தியைத் தேடி ஜனாதிபதி வந்தார். ஒருத்திக்கு இளவரசி பரிசளித்தார். ஒருத்திக்கு அவளது சொந்தச் சனங்கள் ஒரு வேலையைக் கொடுத்தார்கள். மூன்றும் கௌரவங்களே. ரேசனுக்குக் கிடைத்ததை நான் மிகவும் மதிக்கிறேன்; ஆய்வு செய்யும் பிள்ளைக்கு அந்த மேடை தேவை. மாரியின் படத்தைப் பார்க்கும்போது மட்டும் எனக்கு எப்போதும் ஒரு சங்கடம். படம் எடுக்கப்பட்டது, எல்லோரும் கண் கலங்கினோம், குழாய் அப்படியே இருந்தது. ஈயத்தைக் கண்டுபிடிப்பதும் குழாயை மாற்றுவதும் எட்டு வயதுப் பிள்ளையின் பொறுப்பல்ல. அவளைத் தூக்கி அணைப்பது அந்தப் பொறுப்பை நிறைவேற்றுவதாகவும் ஆகாது. ட்ரூடோ கொடுத்த வாக்கும் அப்படித்தான். எல்லா நீண்டகால அறிவித்தல்களையும் 2021 பங்குனிக்குள் நீக்குவதாகச் சொன்னார்கள். பல நீக்கப்பட்டன, எல்லாம் அல்ல. அந்த ஆண்டே, பூர்வகுடிச் சமூகங்கள் தொடுத்த வழக்கில் கனடிய அரசு 8 பில்லியன் டொலர் பெறுமதியான இணக்கத்துக்கு வர நேர்ந்தது. வழக்குத் தொடுத்தவற்றுள் நெஸ்கன்ராகாவும் ஒன்று.

அனிஷினாபெக் நேஷனின் பெரியவர்கள் செய்தது எனக்கு வேறாகத் தெரிகிறது. பிள்ளையை மேடையில் ஏற்றி, கைதட்டி, இறக்கிவிடவில்லை. பாட்டியின் கையிலிருந்த வாளியைப் பேத்தியின் கையில் கொடுத்தார்கள். அவ்வளவு இளம் வயதில் அந்தச் சுமை சரியா என்ற கேள்வி எனக்கும் உண்டு, நானும் ஒரு பிள்ளைக்குத் தாய். ஆனாலும் அது நம்பிக்கையின் கௌரவம்.

இப்போது அந்தக் கொப்பி.

1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்ததை இந்த மலரில் வேறு சிலரும் எழுதியிருப்பார்கள். அடுத்த ஆண்டு திரும்பிவந்து கல்லூரி மீண்டும் தொடங்கியபோது, கிணற்றடியில் புல் முழங்கால் உயரம். கிணற்றுக்குள் சருகும், தகரமும், ஏதோவொரு செத்த பிராணியும். மின்சாரமில்லை. ஆசிரியர்களும் அயலவர்களும் சேர்ந்து இறைத்துத் துப்பரவாக்கினார்கள். சுகாதாரப் பரிசோதகர் குளோரீன் தூள் கொடுத்துவிட்டுப் போனார். அதன்பின் அந்தக் கிணற்றைப் பொறுப்பெடுத்தவர் உயர்தர உயிரியல் வகுப்பிலிருந்த அக்கா. யாரும் அவரை நியமிக்கவில்லை. கயிற்றில் முடிச்சுகள் போட்டு ஒவ்வொரு காலையும் நீர்மட்டம் பார்ப்பார். குளோரீன் போட்ட திகதி, மணம், நிறம் எல்லாவற்றையும் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதுவார். கப்பியில் கட்டிய வாளியை நிலத்தில் வைத்தால் அவரிடம் ஏச்சு வாங்காமல் தப்ப முடியாது. நானும் வாங்கியிருக்கிறேன். அந்த ஆண்டு ஊரில் வயிற்றோட்டம் பரவியது. கல்லூரிக் கிணற்றில் குடித்தவர்களுக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை. இது வைத்தியச் சான்றல்ல, ஒரு மாணவியின் நினைவு.

பரீட்சை எழுதிவிட்டு விலகும்போது அக்கா அந்தக் கொப்பியை என்னிடம் தந்தார். "நீதான் இனி எழுதவேணும்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு தவணை எழுதினேன். பிறகு ரியூசன் வந்தது, பரீட்சை வந்தது. ஒரு திங்கட்கிழமை விட்டேன், பிறகு ஒரு கிழமை விட்டேன், பிறகு கொப்பி எங்கே போனதென்றே தெரியவில்லை. அடுத்த பரிசளிப்பு விழாவில் உயிரியலுக்கான பரிசு எனக்குக் கிடைத்தது. பல்கலைக்கழகத்துக்கும் போனேன். அக்காவின் பெயர் எந்தப் பரிசளிப்பிலும் வாசிக்கப்படவில்லை. கிணற்றைப் பார்த்துக்கொள்வதற்கு அன்று ஒரு பரிசு இருக்கவில்லை, இன்றும் இல்லை.

2019 இல் அக்காவின் அந்த ஒரு வரிக்கு உடனே பதில் எழுத என்னால் முடியவில்லை. இரண்டு நாள் கழித்து, தொலைத்துவிட்டேன் அக்கா என்று எழுதினேன். "தெரியும். உன்னட்டைத் தந்தபோது உனக்குப் பதினாறு வயசு" என்று பதில் வந்தது. ஒன்ராறியோ ஏரிக்கரையில் வருடத்தில் ஒருநாள் குப்பை பொறுக்கப் போவதாகவும், முழங்கால் நோவதாகவும் எழுதியிருந்தார். முழங்காலுக்கு நான் சொன்ன அப்பியாசங்களை அவர் செய்வதில்லை என்பது வேறு விடயம்.

நூற்றாண்டை முன்னிட்டுச் சங்கம் புதிய கேடயங்கள் சில வழங்க யோசிப்பதாக அறிகிறேன். சுற்றாடலுக்கென ஒன்று இருக்கட்டும் என்று செயற்குழுவில் ஒருவர் சொன்னாராம். கேடயத்தை நான் எதிர்க்கவில்லை. கல்லூரிக் கிணறு இன்று வலை போட்டு மூடப்பட்டிருக்கிறது. மோட்டாரால் தாங்கிக்கு ஏற்றுகிறார்கள். அதன் நைத்திரேற்று அளவை எவரேனும் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று அலுவலகத்தில் கேட்டேன். சோதனைப் பெட்டி ஒன்று அதிக விலையல்ல, அதை நான் வாங்கித் தருகிறேன். உயிரியல் வகுப்புப் பிள்ளைகள் மாதமொரு தடவை செய்து பதியலாம். வரம்பைத் தாண்டினால் என்ன செய்வது என்பது பிள்ளைகளின் வேலையல்ல. அதை நாங்கள், சங்கமும் அதிபரும், முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அக்கா விழாவுக்கு வருகிறார். விமானச்சீட்டு எடுத்தாகிவிட்டது. போன கிழமை நகரத்துப் புத்தகக் கடையில் 200 பக்கச் சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கினேன். முதல் பக்கத்தில் திகதியும் நீர்மட்டமும் அவரே எழுதட்டும். இரண்டாம் பக்கத்தை எழுதப்போகும் பத்தாம் வகுப்புப் பிள்ளை யாரென்று ஆசிரியையிடம் கேட்டிருக்கிறேன்.